கடவுளை மறுப்பவருக்குப் பதவி இல்லை: அமெரிக்க மாநிலங்களில் நீக்கப்படாத ஒரு விதி

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் சில மாநிலங்களில் நாத்திகர் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே, உண்மையா? பதவிக்கு மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசியலமைப்பே சொல்கிறதே, அப்படியானால் இது எப்படி?

உண்மைதான். ஏழு மாநிலங்களின் அரசியலமைப்புகளில் அந்த வாசகம் இன்றும் அச்சில் இருக்கிறது. ஆர்கன்சா, மேரிலாந்து, மிசிசிப்பி, வட கரோலினா, தென் கரோலினா, டென்னசி, டெக்சஸ். எட்டாவதாகப் பென்சில்வேனியாவையும் சிலர் சேர்ப்பார்கள். கடவுளையும், மறுமையில் கிடைக்கும் பரிசையும் தண்டனையையும் நம்புகிற எவரையும் மதக் கருத்தைக் காட்டிப் பதவிக்குத் தகுதியற்றவர் ஆக்கக் கூடாது என்கிறது அந்த மாநிலம். நம்பாதவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாதுகாப்பு யாருக்கு என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மற்ற ஏழும் இப்படிச் சுற்றி வளைப்பதில்லை. வட கரோலினாவில் பதவிக்குத் தகுதியற்றோர் பட்டியலில் முதலில் நிற்பவர், எல்லாம் வல்ல இறைவன் இருப்பதை மறுப்பவர். குற்றவாளிகள் அவருக்குப் பின்னால்தான் வருகிறார்கள். ஆர்கன்சாவின் 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், கடவுளை மறுப்பவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் தகுதியற்றவர் என்கிறது. டெக்சஸின் விதி படிக்க வேடிக்கையானது. எந்தப் பதவிக்கும் மதச் சோதனை (மத நம்பிக்கையைத் தகுதியாகக் கேட்பது) கிடையாது, மத உணர்வுக்காக யாரையும் பதவியிலிருந்து விலக்கக் கூடாது என்று தாராளமாக ஆரம்பித்து, ‘அவர் ஒரு பரம்பொருள் இருப்பதை ஒப்புக்கொள்வாரானால்’ என்று முடியும். டென்னசியில் ஒரே ஆவணத்தின் ஓர் இடத்தில் மதச் சோதனை கூடாது என்றும், இன்னோர் இடத்தில் கடவுளையோ மறுமைப் பலனையோ மறுப்பவருக்குப் பதவி இல்லை என்றும் இருக்கிறது. இதை எழுதியவர்களுக்கு இந்த இரண்டும் முரண்பாடாகவே தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த விதிகளை வெறும் மதவெறி என்று தள்ளிவிடுவது எளிது. என் கருத்தில் அது பாதி விளக்கம்தான். இவற்றின் வேர் சத்தியப் பிரமாணத்தில் இருக்கிறது. பதவி ஏற்பவர் ஆணையிட்டுத்தான் ஏற்க வேண்டும். சாட்சி சொல்பவரும் ஆணையிட வேண்டும். பொய் ஆணையிட்டால் மேலே இருப்பவன் தண்டிப்பான் என்ற அச்சம்தான் ஆணைக்கு வலுக் கொடுக்கிறது என்று பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியர் நம்பினர். அந்த அச்சமே இல்லாதவரின் ஆணைக்கு என்ன மதிப்பு? ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1689இல் வெளியான சகிப்புத்தன்மை பற்றிய தம் கடிதத்தில், பலவகை மதத்தாரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடிவிட்டு, கடவுளை மறுப்பவரை மட்டும் பொறுக்கவே முடியாது என்றார். வாக்குறுதி, ஒப்பந்தம், ஆணை ஆகியவைதான் மனித சமூகத்தைக் கட்டிப்போடுபவை, நாத்திகனை அவை கட்டா என்பது அவர் சொன்ன காரணம். சகிப்புத்தன்மையின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் போற்றும் அதே லாக்தான்.

அவருக்கும் கரோலினாவுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1669இல் அந்தக் குடியேற்றத்துக்காக எழுதப்பட்ட அடிப்படை விதிகளின் உருவாக்கத்தில், நில உரிமையாளர்களின் செயலாளராக இருந்த லாக்குக்குப் பங்கு இருந்தது. யூதரும் பிற சமயத்தாரும்கூட ஏழு பேர் சேர்ந்தால் தனித் திருச்சபை அமைக்கலாம் என்று அந்த விதிகள் அனுமதித்தன. கடவுளை ஒப்புக்கொள்ளாதவர் கரோலினாவில் குடியிருக்கவோ நிலம் வைத்திருக்கவோ கூடாது என்றும் அவையே கூறின. கதவைப் பெரிதாகத் திறக்கும்போதே நாத்திகருக்கு மட்டும் தாழ்ப்பாள் போடும் வழக்கம் அங்கே அவ்வளவு பழையது.

டென்னசி விதியில் வரும் ‘மறுமைப் பரிசும் தண்டனையும்’ என்ற சொற்றொடருக்குப் பின்னால் ஓர் இந்திய வழக்கே இருக்கிறது. கல்கத்தாவைச் சேர்ந்த ஓமிசந்த் என்ற வணிகர் பார்க்கர் என்பவர்மீது தொடுத்த வழக்கு 1744இல் லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. அவர் தரப்புச் சாட்சிகள் இந்துக்கள். கல்கத்தாவில் தங்கள் வழக்கப்படி பிராமணரின் காலைத் தொட்டு ஆணையிட்டுச் சாட்சியம் அளித்திருந்தார்கள். பைபிளைத் தொடாத சாட்சியம் செல்லுமா? செல்லும் என்றார்கள் நீதிபதிகள். ஒரு கடவுள் உண்டு, அவர் நல்லதற்குப் பரிசும் கெட்டதற்குத் தண்டனையும் தருவார் என்று நம்புகிறவர் எவராயினும், அவரவர் முறைப்படி ஆணையிடலாம். அந்த நம்பிக்கையே இல்லாதவர் சாட்சி ஆக முடியாது. இந்துவுக்கு வழி திறந்த தீர்ப்பேதான் நாத்திகருக்கு எல்லைக்கோடும் போட்டது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் படித்து வளர்ந்த அமெரிக்க வழக்கறிஞர்கள் மாநில அரசியலமைப்புகளை எழுத உட்கார்ந்தபோது, இந்தச் சூத்திரம் அவர்கள் கைக்குத் தயாராக இருந்தது.

இப்போது மத்திய அரசியலமைப்புக்கு வருவோம். 1787இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில், தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி முன்மொழிய, ஆறாம் பிரிவில் ஒரு வரி சேர்ந்தது: ஐக்கிய நாடுகளின் கீழுள்ள எந்தப் பதவிக்கும் ஒருபோதும் மதச் சோதனை கூடாது. அதே பிரிவு பதவியேற்பவர் ஆணையோ உறுதிமொழியோ எடுக்கலாம் என்று இரண்டு வழி வைத்தது. ஆணையிடுவதையே பாவமாகக் கருதிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை நினைத்து வைத்த வழி அது. நாத்திகர்கள் பின்னாளில் அதன் வழியாகவே உள்ளே வந்தார்கள்.

இந்த வரியைச் சில மாநிலங்கள் எளிதில் விழுங்கவில்லை. இந்த அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவு செய்ய 1788 ஜூலையில் வட கரோலினாவின் ஹில்ஸ்பரோவில் நடந்த மாநாட்டு விவாதம் படிக்கச் சுவையானது. மதச் சோதனை இல்லையென்றால் புறச்சமயத்தாரும் முகமதியரும் பதவிக்கு வந்துவிடுவார்களே என்று பலர் பதறினர். லங்காஸ்டர் என்ற போதகர், நாம் இன்னும் பிறக்காத கோடிக்கணக்கானோருக்காக அரசு அமைக்கிறோம், நானூறு ஐந்நூறு ஆண்டுகளில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் போப்பைப் பின்பற்றுபவர் அதிபர் நாற்காலியில் உட்காரலாம், முகமதியரும் உட்காரலாம், தடுக்க இதில் ஒன்றும் இல்லை என்றார். அவர் அஞ்சிய முதல் பாதி நடக்க 173 ஆண்டுகள்தான் ஆயின. கத்தோலிக்கரான கென்னடி 1961 ஜனவரியில் அதிபர் ஆனார். மாநாட்டில் அந்த வரியை ஆதரித்துப் பேசிய ஜேம்ஸ் ஐரடெல்கூட, மதமே இல்லாதவரிடம் அமெரிக்க மக்கள் தங்கள் உரிமைகளை ஒப்படைப்பார்கள் என்று நினைக்கவே வேண்டாம் என்றுதான் சமாதானம் சொன்னார். சட்டம் தடுக்காவிட்டாலும் வாக்காளர் தடுப்பார் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு நெடுங்காலம் தப்பவில்லை.

ஆறாம் பிரிவு மத்திய அரசுப் பதவிகளுக்கு மட்டும்தான். மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி சோதனை வைத்துக்கொண்டன. ஆகவே ஏட்டின்படி நாத்திகர் ஒருவர் நாட்டின் அதிபராகலாம், ஆனால் டெக்சஸில் ஊர்க் கவுன்சிலர் ஆக முடியாது.

மாநிலங்களின் தொடக்ககாலச் சோதனைகள் இன்றுள்ளவற்றைவிடக் கடுமையானவை. 1776இல் டெலவேர் தந்தை, மகன், தூய ஆவி மூவர்மீதும் நம்பிக்கை அறிக்கை செய்யச் சொன்னது. அதே ஆண்டு வட கரோலினா, புராட்டஸ்டன்ட் மதத்தின் உண்மையை மறுப்பவருக்குப் பதவி இல்லை என்றது. 1809இல் ஜேக்கப் ஹென்றி என்ற யூதர் அங்கே சட்டமன்றத்துக்கு இரண்டாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, புதிய ஏற்பாட்டை மறுக்கும் இவர் எப்படி உட்காரலாம் என்று சக உறுப்பினர் எழுந்து கேட்டார். ஹென்றி ஆற்றிய உரை புகழ் பெற்றது, இடமும் தப்பியது. விதி மட்டும் அசையவில்லை. 1835இல் ‘புராட்டஸ்டன்ட்’ என்ற இடத்தில் ‘கிறிஸ்தவ’ என்று மாற்றினார்கள். கத்தோலிக்கரான வில்லியம் காஸ்டன் அதற்கு முன்பே அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார் என்பதால் அந்தத் திருத்தம் நடந்ததைச் சட்டமாக்கிய வேலைதான். யூதர்கள் இன்னும் வெளியே. உள்நாட்டுப் போர் முடிந்து 1868இல் புது அரசியலமைப்பு வந்தபோது அவர்களும் உள்ளே வந்தார்கள். கடவுளை மறுப்பவர் மட்டும் மிஞ்சினார். 1971இல் அந்த அரசியலமைப்பை மீண்டும் மாற்றி எழுதியபோதும், அதாவது நான் கீழே சொல்லப்போகும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பத்தாண்டு கழித்தும், அந்த வாசகத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். மறதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மேரிலாந்தில் இதே ஏற்றம் இன்னும் மெதுவாக நடந்தது. தாமஸ் கென்னடி என்ற கிறிஸ்தவ உறுப்பினர், யூதர்களுக்குப் பதவி உரிமை கேட்டு 1818இலிருந்து மசோதா கொண்டுவந்து தோற்றுக்கொண்டே இருந்தார். 1823 தேர்தலில் அதற்காகவே அவரைத் தோற்கடித்தார்கள். மீண்டும் வென்று வந்து, 1826இல் நிறைவேற்றினார். அந்தச் சட்டத்திலும் யூதர் ஒருவர் பதவி ஏற்கும்போது மறுமைப் பரிசு தண்டனையில் தமக்கு நம்பிக்கை உண்டு என்று அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஓமிசந்த் வழக்கின் அதே சூத்திரம்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு முறை கதவை அகலமாக்கியபோதும், ‘நம் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு, அது கடவுள்’ என்று சொல்லித்தான் புதியவரை உள்ளே விட்டார்கள். புராட்டஸ்டன்ட், பிறகு கத்தோலிக்கர், பிறகு யூதர். சகிப்பு வளர வளர நாத்திகர்மீதான தடை தனித்துத் தெரிய ஆரம்பித்தது. டென்னசிக்காரர்களுக்கு முரண்பாடு தெரியாததன் காரணமும் இதுவே. மதச் சோதனை என்று அவர்கள் நினைத்தது எந்தத் திருச்சபை என்று கேட்பதை. கடவுள் உண்டா என்று கேட்பதை அவர்கள் மதமாகவே எண்ணவில்லை, நன்னடத்தைச் சான்றாகத்தான் எண்ணினார்கள்.

இதை உடைத்த வழக்கு ஒரு மிகச் சிறிய பதவியைப் பற்றியது. ராய் டோர்காசோ என்பவர் மேரிலாந்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். வேலைக்குத் தேவைப்பட்டதால், ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரி பப்ளிக் பதவிக்கு விண்ணப்பித்தார். ஆளுநர் நியமனமும் செய்துவிட்டார். பதவியேற்க நீதிமன்ற எழுத்தரிடம் போனபோது, கடவுள் இருக்கிறார் என்று நம்புவதாக அறிவிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். நியமன ஆணை தரப்படவில்லை. யாரையும் நோட்டரி ஆகச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே, விருப்பமில்லை என்றால் பதவி வேண்டாம் என்று இருந்துவிடலாமே என்றது மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம்.

1961 ஜூன் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக டோர்காசோ பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் அலபாமாவில் பிறந்த ஹ்யூகோ பிளாக். இளமையில் பாப்டிஸ்ட் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர், கறுப்பினத்தவரை ஒடுக்கிய கு கிளக்ஸ் கிளான் அமைப்பில் உறுப்பினராகவும் இருந்தவர். மாநிலமோ மத்திய அரசோ ஒருவரை மத நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அறிக்கை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று அவர் எழுதினார். பதவியை ஏற்கக் கட்டாயமில்லை என்பதற்காக, அரசியலமைப்பு தடுத்துள்ள ஒரு நிபந்தனையைப் பதவிக்கு விலையாகக் கேட்க முடியாது என்பது மாநில நீதிமன்றத்துக்கு அவர் கொடுத்த பதில். டோர்காசோவுக்காக வாதாடியவர் அமெரிக்க யூதக் காங்கிரஸைச் சேர்ந்த லியோ பெஃபர். தாமஸ் கென்னடியின் மசோதா வழியாக யூதர்கள் மேரிலாந்தில் பதவிக்கு நுழைந்து 135 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு யூத அமைப்பின் வழக்கறிஞரே மிஞ்சிய தடையையும் தகர்த்தார். கென்னடியின் கதை தெரிந்தவர்களுக்கு இது பிடித்த இடம்.

சட்ட நுணுக்கம் விரும்புபவர்களுக்கு ஒரு தகவல். பிளாக் ஆறாம் பிரிவின் மதச் சோதனைத் தடையைச் சார்ந்து தீர்ப்பு எழுதவில்லை, அது மாநிலப் பதவிகளுக்கும் பொருந்துமா என்ற கேள்வியைத் தொடாமல் விட்டார். முதல் திருத்தத்தின் மதச் சுதந்திரத்தை, 1868இல் வந்த பதினான்காம் திருத்தத்தின் வழியாக மாநிலங்கள்மீது செலுத்தினார். அதனால் இந்தத் தீர்ப்பின் வீச்சு நோட்டரியோடும் மேரிலாந்தோடும் நிற்கவில்லை. மற்ற ஆறு மாநிலங்களின் விதிகளும் அன்றே செல்லாக்காசாகிவிட்டன.

அடுத்து நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. மேரிலாந்தில், குற்றம் சாட்டவும் தீர்ப்புச் சொல்லவும் அழைக்கப்படும் குடிமக்களான ஜூரிகளும் கடவுள் நம்பிக்கையை அறிவிக்க வேண்டியிருந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் பௌத்தர். படைப்புக் கடவுளை ஏற்காத மதம் என்னுடையது, என் மதத்தார் எவரும் உட்கார முடியாத ஜூரி என்னை எப்படி விசாரிக்கலாம் என்று கேட்டார். 1965இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று, குற்றப்பத்திரிகையையும் தண்டனையையும் ரத்து செய்தது. அதே குறை மற்ற வழக்குகளுக்கும் இருந்ததால், இன்னும் முடியாமல் இருந்த பல வழக்குகளில் புதிதாக ஜூரி கூட்டிக் குற்றம் சாட்ட வேண்டியதாயிற்று. கடவுள் பெயரைச் சொல்லாமல் நீதி நடக்காது என்று வைத்த விதி, கடைசியில் நீதிமன்றங்களுக்கே வேலை வைத்தது.

சரி, 1961இலேயே செல்லாமல் போன விதி இன்னும் ஏன் ஏட்டில் இருக்கிறது? இங்கே பிரிட்டனை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். சார்லஸ் பிராட்லா என்ற பெயர்பெற்ற நாத்திகர் 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆணைக்குப் பதில் உறுதிமொழி எடுக்கிறேன் என்றார். மறுத்தார்கள். ஆணையே எடுத்துவிடுகிறேன் என்றார். ஆணைக்குப் பொருளில்லை என்று சொன்னவர் எப்படி ஆணையிடலாம் என்று அதையும் மறுத்தார்கள். ஓர் இரவு அவையின் மணிக்கூண்டில் அடைத்து வைத்தார்கள். இடத்தைக் காலியாக அறிவித்தார்கள், தொகுதி மக்கள் இடைத்தேர்தலில் அவரையே திருப்பி அனுப்பினார்கள். இது 1881, 1882, 1884 என்று தொடர்ந்தது. 1886இல் புதிய அவைத் தலைவர் பீல், யாரும் குறுக்கிட அனுமதி மறுத்து, அவரை ஆணையிட்டு உட்கார வைத்தார். உள்ளே போன பிராட்லா 1888இல் உறுதிமொழிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். 1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, அவரை விலக்கி முன்பு இயற்றிய தீர்மானத்தைத் தன் குறிப்பேட்டிலிருந்தே நீக்க மக்களவை முடிவு செய்தது.

பிராட்லாவின் போராட்டம் சென்னை வரை எதிரொலித்தது. 1880களில் இங்கே இயங்கிய சென்னை இலௌகிக சங்கம் அவருடைய இயக்கத்தின் தூண்டுதலில் பிறந்தது, ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தியது. பிராட்லா 1889இல் பம்பாய்க் காங்கிரஸுக்கே வந்தார். லண்டனில் அப்போது மாணவராக இருந்த காந்தி அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனார். நம் ஊரில் அமைச்சர்கள் சிலர் கடவுள் பெயரால் ஆணையிடுவதையும் சிலர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பதையும் நாம் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் சமமாக வைத்திருக்கிறது.

பிரிட்டனில் நாடாளுமன்றமே சட்டத்தை மாற்றியதால் பழைய வாசகம் போய்விட்டது. அமெரிக்காவில் மாற்றியது நீதிமன்றம். நீதிமன்றம் ஒரு விதியைச் செல்லாது என்று சொல்லலாமே தவிர, மாநில அரசியலமைப்பிலிருந்து அதை அழிக்க முடியாது. அழிக்க வேண்டுமானால் சட்டமன்றம் திருத்தம் முன்மொழிந்து, மக்கள் வாக்களிக்க வேண்டும். அதாவது ஒரு சட்டமன்ற உறுப்பினர் எழுந்து ‘நாத்திகருக்கு எதிரான வரியை நீக்குவோம்’ என்று சொல்ல வேண்டும். தெற்கு மாநிலங்களின் கிராமப்புறத் தொகுதியில் அடுத்த தேர்தலில் எதிராளி அச்சிடப்போகும் துண்டறிக்கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். செயல்படாத ஒரு விதியை நீக்கி அவருக்கு வரும் லாபம் எதுவும் இல்லை. 2009இல் ஆர்கன்சாவில் ஓர் உறுப்பினர் முயன்றார், குழுவோடு முடங்கியது.

மக்கள் வாக்குக்கு விட்டாலும் எளிதல்ல. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்ளக் கூடாது என்ற தடையை 1967இலேயே உச்ச நீதிமன்றம் ஒழித்துவிட்டது. அலபாமா தன் அரசியலமைப்பிலிருந்து அந்த வரியை நீக்க 2000இல் வாக்கெடுப்பு நடத்தியபோது பத்தில் நான்கு பேர் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்ட வைத்த எழுத்தறிவுச் சோதனையை நீக்கலாமா என்று 1970இல் வட கரோலினா கேட்டது, மக்கள் வேண்டாம் என்றார்கள். அது இன்னும் அந்த மாநில அரசியலமைப்பில், நாத்திகர் விதி இருக்கும் அதே ஆறாம் பிரிவில் இருக்கிறது.

எனக்குக் கோபம் வரவழைப்பது டென்னசிதான். அதன் ஒன்பதாம் பிரிவு பதவிக்குத் தகுதியற்றோரைச் சொல்கிறது. முதலில் மதபோதகர்கள் (சட்டமன்ற உறுப்பினர் ஆகக் கூடாது), இரண்டாவது கடவுளை மறுப்பவர்கள், மூன்றாவது மானப் பிரச்சினைக்காக இருவர் ஆயுதத்தோடு மோதும் ‘டூயல்’ சண்டையில் ஈடுபட்டவர்கள். போதகர் தடையையும் உச்ச நீதிமன்றம் 1978இல் செல்லாததாக்கியது. 2022 நவம்பரில் டென்னசி மக்கள் வாக்களித்து அந்த முதல் உட்பிரிவை நீக்கினார்கள். அடுத்த வரியில், அதே காரணத்துக்காகச் செல்லாமல் கிடக்கும் நாத்திகர் தடையை வாக்குச்சீட்டில் வைக்கவே இல்லை. ஒரே தாளில் இரண்டையும் கேட்டிருக்கலாம். செலவு ஒரு காசு கூடியிருக்காது. பழைய விதியைச் சுத்தம் செய்ய நேரமில்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது.

செல்லாத விதி யாரையும் தொடாது என்று சொல்பவர்கள் உண்டு. ஹெர்ப் சில்வர்மனைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த அவர், இந்த விதியைச் சோதிக்கவே 1990இல் ஆளுநர் தேர்தலில் நின்றார். தோற்கப்போகும் வேட்பாளர் என்று நீதிமன்றம் விஷயத்துக்குள் போகவில்லை. பிறகு அவர் டோர்காசோவின் வழியைப் பிடித்து, நோட்டரி பதவிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் இருந்த ‘கடவுள் எனக்கு உதவட்டும்’ என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார். நிராகரித்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போய், 1997இல் ஒருமனதாக அவர் பக்கம் முடிந்தது. டோர்காசோ தீர்ப்பு வந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, சரியாக அதே கேள்வியை மாநில அரசு பொதுப் பணத்தில் மறுபடி வாதாடியது. சில்வர்மன் வென்றார், ஆனால் அந்த வாசகம் அந்த மாநில அரசியலமைப்பில் அப்படியே இருக்கிறது.

2009இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகர மன்றத்துக்குச் செசில் பாத்வெல் என்ற பத்திரிகையாளர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மாநில அரசியலமைப்பின் ஆறாம் பிரிவைத் தூக்கிக் காட்டி, இவர் பதவி ஏற்கக் கூடாது, வழக்குப் போடுவேன் என்று உள்ளூர் எதிர்ப்பாளர் ஒருவர் அறிவித்தார். பாத்வெல் கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், 2017 வரை இருந்தார். மிரட்டியவருக்கு நீதிமன்றத்தில் எந்த வாய்ப்பும் இல்லை. ஆனாலும் நகரத்தின் குப்பை, தண்ணீர், சாலை பற்றிப் பேச வேண்டிய புது உறுப்பினர், தன் முதல் வாரங்களைத் தன் கடவுள் கொள்கையைப் பற்றிப் பதில் சொல்வதில் கழிக்க வேண்டியிருந்தது. செல்லாத விதிக்கு இருக்கிற எஞ்சிய வலு அதுதான்.

உண்மையான தடை இன்று வாக்குச்சீட்டில் இருக்கிறது. ஐரடெல் சொன்னது போலத்தான். தகுதியுள்ள நாத்திகர் அதிபர் வேட்பாளராக நின்றால் வாக்களிப்பீர்களா என்று கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1958இல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 18 சதவீதம். 2020இல் 60 சதவீதம். அறுபது என்பது வளர்ச்சிதான், ஆனால் அதே கேள்வியில் கத்தோலிக்கர், யூதர், பெண், கறுப்பினத்தவர் எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல் கிடைத்தது. கலிபோர்னியாவின் பீட் ஸ்டார்க் பல பதவிக்காலங்கள் மக்களவையில் இருந்த பிறகு, 2007இல்தான் தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே மாநிலத்தின் ஜேரட் ஹஃப்மன் 2017இல் தம்மை மனிதநேயவாதி என்று அறிவித்தார். தடை விதி இல்லாத மாநிலத்திலேயே இவ்வளவு தயக்கம்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த ஏழு மாநிலங்களில் ஒன்றில் குடியுரிமை பெற்று, பள்ளிக் குழுவுக்கோ நகர மன்றத்துக்கோ நிற்க நினைத்தால், இந்த விதியைக் கண்டு பின்வாங்கத் தேவையில்லை. வேட்புமனுவிலோ பதவியேற்பிலோ கடவுள் நம்பிக்கையைக் கேட்கும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் இல்லை. பதவியேற்பின்போது ஆணைக்குப் பதில் உறுதிமொழி வேண்டும் என்று முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவைத்தால் போதும், கடவுள் பெயர் இல்லாத வாசகத்தைத் தருவார்கள். யாராவது அரசியலமைப்பு நகலை எடுத்துக்கொண்டு வந்து மறித்தால், 1961ஆம் ஆண்டின் டோர்காசோ தீர்ப்பின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் வாதாட விரும்பும் மாநில வழக்கறிஞர் இருக்கலாம், தென் கரோலினாவில் இருந்தாரே. ஆனால் வென்றவர் யாரும் இல்லை.